மாமியாரின் எண்

ரொக்கமாகத் தருகிறேன் என்றதும் எழுத்தர் பேனாவை மூடினார்.

“ஃபோன்ல அனுப்பிடுங்க சார், ரெண்டு செகண்ட். இவ்ளோ பெரிய தொகைய நோட்டா வாங்கினா எனக்குத்தான் தலைவலி.”

முடியாது என்றேன்.

படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது? ஏன் ரொக்கம்? அடையாள அட்டையின் நகல், வங்கிச் சீட்டு, இரண்டு கையெழுத்து. குரல் மட்டும் தணிவாகத்தான் இருந்தது. இந்த அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். பார்வை, நான் எங்கோ கொள்ளையடித்துவிட்டு நேராக இங்கே வந்தவன் என்றது.

‘ஏன் ரொக்கம்’ என்பதற்கு விரல் நீளத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டில் என் மாமியார் அடங்கமாட்டார்.

என் மனைவி கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த கணக்கு அது. கொடுத்த எண் அவள் அம்மாவுடையது. கல்யாணமானதும் என் பெயரைச் சேர்த்தாள், எண்ணை மாற்றவில்லை. மூன்று வருடமாக ‘நாளைக்கு மாத்திடலாம்’. நான் எதை வாங்கினாலும் கடையின் பெயரோடு செய்தி அங்கே போகும். அடுத்த நிமிடம் அழைப்பு வரும்.

“போன வாரந்தானே முடி வெட்டினீங்க மாப்பிள்ளை?”

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரொக்கமாக எடுத்தால் தொகை மட்டும்தான் போகும். யாருக்குக் கொடுத்தேன் என்பது போகாது.

போகவும் கூடாது. மாமியாருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம். நேற்றுதான் வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதலில் கேட்டது ஃபோனைத்தான் என்றான் மைத்துனன். இன்னும் பத்து நாளைக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன்.

“இப்படி எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க சார்.”

அடித்துவிட்டு, ‘மாமியார்’ என்று எழுதினேன்.

படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். கல்யாணமானவர் போலிருக்கிறது.

நோட்டுக் கட்டுகளை அவர் எண்ணி முடிப்பதற்குள் ஃபோன் அடித்தது.

“இப்பதான் மெசேஜ பாத்தேன். என்ன மாப்பிள்ளை, மொத்தத்தையும் வழிச்சு எடுத்திருக்கீங்க? அவகிட்ட கேட்டீங்களா இல்லையா? இன்னுமா அவளுக்குத் தொண்டை சரியாகல? ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க.”

எழுத்தர் ரசீதை என் பக்கம் தள்ளினார். அவள் பெயர். வயது இருபத்தெட்டு. கல்லறை வரிசை ஏழு, இடம் பதினொன்று.

“தூங்கறா அத்தை” என்றேன்.