மேட்டில் கேட்ட மூச்சிரைப்பு

நிச்சயம் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் மைனா. எந்தக் குரலையும் அப்படியே செய்துகாட்டிவிடுவேன். ஏரிக்கரை மேட்டின் உச்சியில், என் மரத்தடியில், ஒரு சைக்கிள் நிற்கிறது. டயர் பஞ்சரான அன்று அதன் சொந்தக்காரர் ஜெபராஜ் அதை இங்கே பூட்டிவிட்டு, "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று இறங்கிப் போனார். இரண்டு மாதம் ஆயிற்று.

சும்மா இருப்பேனா? தினமும் காலையில் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு, அவர் மேடேறும்போது இரைப்பதைப் போலவே இரைத்தேன்.

"அண்ணன் வந்துட்டாரு!" என்று சைக்கிள் பூரிக்கும். அப்புறம் ஒன்றும் தெரியாதவன்போல இறங்கி வந்து, "யாரையும் காணோமே?" என்பேன்.

"மேடு செங்குத்துடா. பாதியிலயே திரும்பியிருப்பாரு. நாளைக்கு ஏறிடுவாரு."

சிரிப்பு வரவில்லையா? இருங்கள், வரும்.

இன்று காலை நான் இரைத்துக்கொண்டிருந்தபோதே ஜெபராஜ் நிஜமாக வந்தார். புது மின்சார சைக்கிளில், மிதிக்காமல், சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் மேடேறி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். இரைப்பு மட்டும் மரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சைக்கிள் அவர் முதுகையே பார்த்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து மரத்தைப் பார்த்தது.

"இத்தனை நாளா மூச்சு வாங்கினது நீயாடா?"