மாமாவுக்கு அவசரம்

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்..."

பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

"மாமா, வண்டிக்குள்ளேயே பாத்ரூம் இருக்கு. அதுக்குத்தானே கேரவன் எடுத்தோம்?"

"ஓடுற வண்டியில எனக்கு வராதே மாப்பிள்ளை."

படுக்கை, அடுப்பு, பாத்ரூம் என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக் கொண்டுவந்தும் என்ன பயன்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினான்.

போனாரா, வந்தாரா என்றாலாவது பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் மகளைக் கூப்பிட்டுக் கால் மணி நேரக் கூத்து.

"பாப்பா, டீ போடும்மா. மாப்பிள்ளைக்கு நல்லா ஸ்ட்ராங்கா. நீங்களும் இறங்கி முகத்தைக் கழுவிக்குங்க மாப்பிள்ளை, காத்து சுகமா இருக்கு."

அவன் கண்ணெல்லாம் கடிகாரத்தில். ஏரிக்கரையில் கேரவன்கள் தங்கும் முகாமில், தண்ணீரைப் பார்த்த முதல் வரிசை இடத்தை நான்கு மாதம் முன்பே பிடித்து வைத்திருந்தான். ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதற்காகவே தூக்கத்தை விட்டுச் சாமான் ஏற்றி, விடிவதற்கு முன் கிளம்பினான்.

கிளம்பின நேரம் சரியில்லை. வண்டித் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்த ரப்பர் குழாயைக் கழற்ற மறந்து, அதையும் இழுத்துக்கொண்டு பத்தடி போனான். முதல் வளைவிலேயே அலமாரி திறந்து கோப்பைகள் உருண்டன. மாவு டப்பா மனைவியின் தலையில் கவிழ்ந்தது. அப்புறம் ஒரு தாழ்வான பாலம். வண்டியின் உயரத்துக்கு அது ஒத்துவராமல், திரும்பி நாற்பது கிலோமீட்டர் சுற்று. போதாக்குறைக்கு மாமனார்.

மனைவி மெல்லக் கேட்டாள். "என்னங்க, களைப்பா இருந்தா கொஞ்ச நேரம் படுங்களேன்."

"யாருக்குக் களைப்பு? எனக்கா? ஓட்டத் தெரியாதவங்க வாயை மூடிக்கிட்டு வந்தாப் போதும்!"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆறாவது தடவையும் வந்தது. அவர் இறங்கியதும் மனைவியிடம் சீறினான்.

"முப்பது வருஷம் லாரி ஓட்டின மனுஷன்தானே உங்கப்பா? அப்பல்லாம் எப்படிச் சமாளிச்சார்?"

"கண் ஆபரேஷன் ஆனதிலேருந்து அவருக்கு உடம்பே முன்ன மாதிரி இல்லைங்க. கோவிச்சுக்காதீங்க."

முகாமுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். மணி நாலு இருபது. நேரான சாலை, இதமான வெயில். நிச்சயம் போய்விடலாம்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை!"

"இவ்வளவு கிட்ட வந்துட்டோமே மாமா. அடக்கிக்கக் கூடாதா?"

"முடியாது. உடனே நிறுத்துங்க!"

அந்த அதட்டலில் அவன் கால் தானாக பிரேக்குக்குப் போனது. மறுபடி டீ. மறுபடி முகம் கழுவல்.

முகாம் வாசலை அடைந்தபோது மணி ஐந்து பத்து.

"அடடா, இப்பத்தான் சார் இன்னொருத்தருக்குக் கொடுத்தேன்" என்றார் வாசலில் இருந்த ஊழியர். கிடைத்தது, துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் ஒரு மூலை. ஏரிக்குப் பதிலாக நாலு வாஷிங் மெஷினைப் பார்த்த இடம்.

ஆனாலும் சுடச்சுடச் சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்தபோது உடம்பு லேசாகிவிட்டது. ஜன்னல் வழியே சோப்பு வாசனையோடு காற்று வந்தது. நடந்தால் இரண்டே நிமிடத்தில் ஏரி, அதுவும் ஒன்றும் மோசமில்லை. குழாயை மன்னித்தான், கோப்பைகளை மன்னித்தான், பாலத்தைக்கூட மன்னித்துவிட்டான். மாமனாரை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை.

வெளியே மடக்கு நாற்காலிகளில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே நாள்ல ஏழு தடவைப்பா! எனக்குப் பயமா இருக்கு. காலையில முதல் வேலையா டாக்டரைப் பார்த்துடலாம்."

"டாக்டர் எதுக்கும்மா? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்புறம் ஏன் அப்படிப் பண்ணினீங்க? பாவம், அவர் ஆசைப்பட்ட இடமே போச்சு."

"மெதுவாப் பேசு, அவர் காதுல விழுந்துடப் போகுது" என்று மாமனார் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு சொக்கி ஏழு தடவை வண்டியை ரோட்டுல இருக்கிற வெள்ளைக் கோட்டைத் தாண்டி விட்டாரு பாப்பா. தூங்கறீங்கன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்ல முடியுமா? அதான், எனக்கு அவசரம்னு சொல்லிட்டேன்."