இருபத்துநான்காவது குவளை

2025 ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு ஏற்காடு ஏரிக்கரையில் காரின் டிக்கி திறக்கப்பட்டது.

உள்ளே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் இருபத்துநான்கு பீங்கான் குவளைகள்.

விருத்தாசலத்திலிருந்து நூற்று அறுபத்துநான்கு கிலோமீட்டர் தொலைவு காரை ஓட்டி வந்தவள் தாஜ் நிஷா. என் எதிர்வீட்டுக்காரி. பீங்கான் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறாள்.

சேலத்துக் கடைகளும் ஏற்காட்டுக் கடைகளும் அவளுடைய குவளைகளைக் கேட்கின்றன. வாடகை வண்டியில் அனுப்பினால் பாதி நொறுங்கிவிடுகிறது. ஆகவே தானே கொண்டுசெல்ல விரும்பினாள். குவைத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் அப்துல்லா, அவள் மலைப்பாதையில் ஓட்டுவதற்கு உடன்படவில்லை.

ஒரு மாத வாக்குவாதத்துக்குப் பிறகு அவன் ஒரு நிபந்தனை விதித்தான். மூன்று நாள் விடுமுறையில் ஏரி வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். டிக்கியில் இரண்டு டஜன் குவளைகள் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒன்றில் விரிசல் கண்டாலும் காரை விற்றுவிட வேண்டும்.

தீர்ப்புச் சொல்ல இருவரும் என்னையே தேர்ந்தெடுத்தனர். மின்கம்பங்களில் பொருத்தும் பீங்கான்களை முப்பத்தோராண்டுகள் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்த செக்கர் நான். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் தெருவில் எனக்குச் செக்கரம்மா என்றே பெயர்.

தட்டிப் பார்க்காமல் நான் எதையும் ஏற்பதில்லை. அன்று காலை வழியில் வேப்பூர்க் கடையில் தேநீர் கொண்டுவந்தவரிடமும் விரிசல் விட்ட குவளையைத் தட்டிக் காட்டி, வேறொன்றில் தரச் சொன்னேன்.

"டீ நல்லாதானேம்மா இருக்குது?" என்றார் அவர்.

"டீயைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் நான் உரக்க எண்ணினேன். முதல் ஐந்து வளைவுகளில் தாஜ் நிஷா மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. பதினோராவதில் எதிரே பேருந்து வந்தது. அவள் அளவாக ஒதுங்கி நின்று வழிவிட்டாள். ஓட்டுநர் கையுயர்த்திவிட்டுப் போனார்.

ஆனால் நிபந்தனை பேருந்தைப் பற்றியதன்று.

ஏரியில் மிதிபடகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. மேகம் தாழ்ந்து எதிர்க்கரை மரங்களைப் பாதி மறைத்திருந்தது. தாஜ் நிஷா அவற்றில் எதையும் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய ஒன்பது வயது மகள் சபா செல்பேசியை என் கைக்கு நேராகப் பிடித்தாள். திரையில் அப்துல்லா தொப்பி அணிந்து தயாராக இருந்தான்.

"ஜும்மாவுக்குக் கிளம்பணும் செக்கரம்மா. சட்டுனு சொல்லுங்க. வண்டி நிக்குமா, போவுமா?"

"நீ பேசிக்கிட்டே இருந்தா எனக்குச் சத்தம் கேக்காதுப்பா."

ஒவ்வொரு குவளையாக எடுத்து, பிடியில் ஒரு விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, நடுவிரல் மூட்டால் தட்டினேன். ணங். கரைச்சுவரின் மேல் வரிசையாக வைத்தேன். ணங். ணங்.

பதினைந்தாவதிலிருந்து சபா எண்ணத் தொடங்கினாள். இருபதாவதில் தாஜ் நிஷா, அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த துப்பட்டா நுனியை விட்டாள்.

இருபத்துநான்காவது குவளை டொக் என்றது.

மீண்டும் தட்டினேன். டொக்.

தாஜ் நிஷா கார்ச் சாவியை எடுத்து டிக்கியின் விளிம்பில் வைத்தாள்.

"விடு தாஜு. மலை ரோடு அப்படித்தான்" என்றான் அப்துல்லா. அவன் குரலில் வெற்றி இல்லை.

நான் குவளையைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு கோடு இறங்கியிருந்தது.

புதிய விரிசல் வெள்ளையாக இருக்கும். இந்தக் கோடு பழுப்பாக இருந்தது. நாள்பட நாள்படத் தேநீர் ஊறி ஏறிய பழுப்பு.

நான் வாய் திறக்காவிட்டால் பழி சாலையின்மேல் போகும். என் பெயரில் ஒரு கீறலும் விழாது. படகுத்துறைக் காவலர் விசிலை இருமுறை ஊதி முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

பிறகு செல்பேசியை நோக்கி, நடந்ததைச் சொன்னேன்.

சூளையிலிருந்து வந்து சேர்ந்தவை இருபத்துமூன்று குவளைகள். அவை ஒவ்வொன்றையும் விடியற்காலையில் என் வீட்டில் தட்டிப் பார்த்துத்தான் அடுக்கினேன். எண்ணிக்கை குறையக் கூடாதென்று, அதே அச்சில் வார்த்த மற்றொன்றை என் சமையலறையிலிருந்து எடுத்து வைத்தேன். தாஜ் நிஷாவின் முதல் சூளையில் வெந்தது அது. ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் இரு வேளை நான் தேநீர் குடிப்பது அதில்தான்.

அதை மட்டும் தட்டவில்லை. என்னுடையது என்பதால் தட்டவில்லை.

தாஜ் நிஷா குவளையை வாங்கி, பழுப்புக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"இம்மாம் நாளா இதுலயா டீ குடிச்சீங்க? வேப்பூர்ல அந்த ஆள என்னா பாடு படுத்துனீங்க!"

அப்துல்லா சிரித்த சிரிப்பில் திரை குலுங்கியது. சபா சாவியை எடுத்துத் தாயின் கையில் கொடுத்தாள்.

இறுதியில் முடிவானவை இவை. கார் விற்கப்படாது. ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கும்போதும் தாஜ் நிஷாவே ஓட்டுவாள். செவ்வாய்க்கிழமை முதல் சேலத்துச் சரக்கை அவளே கொண்டுசெல்வாள். பெட்டியில் அடுக்குமுன் தட்டிப் பார்க்கும் பொறுப்பும் இனி அவளுடையது. நான் கொடுக்கும் குவளையையும் அவள் தட்டிப் பார்ப்பாள்.