பின்விளக்கு

தானே செய்த சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியைச் செம்மொழி அன்று மாலை மயிலாடுதுறை மேடையில் வாசிக்க இருந்தாள். மின்பொறியாளரான அண்ணன் பகலவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே அதன் மூடியைக் கழற்றினான். எல்சிடி திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்கில் ஒயரே இல்லை. ஆனாலும் திரை நீலமாக எரிந்தது.

"மூளை இருக்கா உனக்கு? கரண்ட் இல்லாம எரியுமா?"

"ஒயர் கொடுத்தப்ப எரியலண்ணே, அதான் கழட்டிட்டேன். நீங்க வந்து பேச ஆரம்பிச்சதும்தான் எரியுது."

"இது ஒரு சாமான், இதுக்கு ஒரு மேடை!"

வெளிச்சம் கூடியது. பேட்டரியைப் பிடுங்கினான், அணையவில்லை. திரையைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தான். கை சில்லிட்டது.

"கீழ வைங்கண்ணே, பயமா இருக்கு."

பகலவன் ஏளனமாகச் சிரித்தான். வெளிச்சம் பளீரென்று ஏறியது. அவன் விரல் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சிரிப்பை நிறுத்தப் பார்த்தான், வாய் கேட்கவில்லை.