பக்கத்துத் தட்டு

"பாருங்க, இன்னிக்கும் ஆறரைக்கே கிளம்பிட்டா உங்க தம்பி பொண்டாட்டி!"

ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்தபடி பெரியவள் பொருமினாள். கணவர் முகத்தில் ஷேவிங் நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"வேலைக்குத்தானே போறா? உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"ஒன்பது மணி ஆபீசுக்கு விடிஞ்சதும் விடியாததுமா என்ன வேலை? அதுவும் ஒரு மாசமா! மேனேஜரைக் காக்கா பிடிக்கத்தான், வேற எதுக்கு?"

எரியாதா பின்னே? அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். ஃபைபர் கேபிளை நெட்வொர்க் ஸ்விட்சில் மாட்ட, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு மாட்யூல் வேண்டும். அதைத் தயார் செய்கிற லேபில் பெரியவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். ஓரகத்தி சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று மேனேஜரிடம் பேசிச் சேர்த்துவிட்டாள். வந்து இரண்டே வருஷம். இப்போது காலியாகிற சூப்பர்வைசர் நாற்காலிக்கு இரண்டு பேர் பெயரும் போயிருக்கிறது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

மூன்று கம்பெனி ஸ்விட்சுகள். மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. ஆர்டர் சீட்டைப் பார்த்து, மாட்யூலைக் குறியீட்டுப் பெட்டியில் செருகிச் சரியான குறியீட்டை ஏற்றி, அவரவர் தட்டில் அடுக்கிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் முன்னால் ஒவ்வொன்றையும் அதனதன் ஸ்விட்சில் செருகிப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் பாஸ். குறியீடு மாறியிருந்தால், 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்கிற மாதிரி ஸ்விட்ச் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மூன்றில் ஒன்று மகா கறார். லேபில் அதற்கு 'மாமியார்' என்றே பெயர்.

ஒரு மாதமாக இரண்டு பேர் தட்டிலும் எல்லாமே பாஸ். அதுதான் பெரியவளைத் தூங்கவிடவில்லை. கை பாட்டுக்குக் குறியீடு ஏற்றும். கண் பக்கத்து மேஜையில் இருக்கும். அவள் எத்தனை முடித்தாள்? மேனேஜர் அவளிடம் மட்டும் ஏன் சிரித்துப் பேசுகிறார்? நம்மிடம் பேசினால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

வெள்ளிக்கிழமை முடிவு தெரிந்துவிடும். வியாழக்கிழமை காலை, பெரியவளும் அடுத்த பஸ் பிடித்துப் பின்னாலேயே போனாள்.

லேபில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். சின்னவள் உட்கார்ந்திருந்தது பெரியவளின் நாற்காலியில். முன்னால் இருந்தது பெரியவளின் தட்டு. அதிலிருந்து ஒரு மாட்யூலை எடுத்து, குறியீட்டுப் பெட்டியில் செருகி என்னவோ மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி!"

செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் தட்டில் கை வைப்பது அங்கே லேசான குற்றமில்லை. போன வருஷம் ஒருவனுக்குச் சீட்டே கிழிந்தது.

ஒன்பது மணிக்கு மேனேஜர் அறையில் பஞ்சாயத்து.

"என் தட்டைக் கெடுத்து என்னைக் கவுக்கப் பார்க்கிறா சார்! இவளைக் கூடப் பிறந்த தங்கச்சியா நினைச்சேனே!"

அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. அது வேறு விஷயம்.

மேனேஜர் படங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அவங்க தட்டுல உங்களுக்கு என்னம்மா வேலை?"

சின்னவள் ஓரகத்தியை ஒரு தடவை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் சார். சும்மா பழகிப் பார்க்கலாம்னு எடுத்தேன்."

"பழகிப் பார்க்க உங்க தட்டு இல்லையா? இதுக்கு மெமோ குடுத்தே ஆகணும். சூப்பர்வைசர் லிஸ்ட்ல இனி உங்க பேர் கிடையாது." பெரியவளிடம் திரும்பினார். "குறியீட்டுப் பெட்டி ரெக்கார்டைப் பிரின்ட் எடுத்துட்டு வாங்க. என்னென்ன மாத்தினாங்கன்னு மெமோவோட சேர்க்கணும்."

பெரியவள் குதிக்காத குறையாக ஓடினாள்.

பிரின்டரிலிருந்து தாள் வந்தது. இன்று காலை ஏழு பன்னிரண்டுக்கு முதல் மாற்றம். 'மாமியாருக்கு'ப் போகவேண்டிய மாட்யூல். நேற்று மாலை அதில் ஏறியிருந்தது வேறு கம்பெனிக் குறியீடு. சின்னவள் அதை அழித்து 'மாமியார்' குறியீட்டை ஏற்றியிருந்தாள்.

ஆர்டர் சீட்டை எடுத்து ஒப்பிட்டாள். சின்னவள் போட்டதுதான் சரி. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தாள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நேற்று இரண்டு, முந்தாநாள் நாலு என்று ஒரு மாதத்துக்கும் இருந்தது. அத்தனையும் பெரியவள் பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டே தப்பாக ஏற்றியவை. அதில் ஒன்றே ஒன்று அப்படியே பத்து மணிச் சோதனைக்குப் போயிருந்தாலும் லிஸ்டில் அவள் பெயர் இருந்திருக்காது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் சின்னவள் வந்து நின்றாள்.

"அதைக் குடுக்காதீங்கக்கா. ரெக்கார்ட் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க. நாளைக்கு நாற்காலி உங்களுக்குத்தான்."

"ஏன்டி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குத்திக் காட்டுறேன்னு நினைப்பீங்க."

நினைத்திருப்பாள்தான். பெரியவள் தாள்களை அள்ளிக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

உள்ளே மேனேஜர் மெமோவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க சார்." பெரியவள் அந்தத் தாள்களை மொத்தமாக மேஜைமேல் வைத்தாள். "மெமோல பேர் தப்பா இருக்கு. என் பேரைப் போடுங்க."