ஏழெட்டு ஐம்பத்து நாலு

கணக்கு வாத்தியார் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். சட்டைக் கையால் தேய்த்துப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்ற நம்பிக்கையில் விரலில் கொஞ்சம் எச்சிலும் தொட்டுப் பார்த்தார். ஐம்பத்து நாலு அசைந்து கொடுக்கவில்லை.

"சார், அது பர்மனென்ட் மார்க்கர்," என்றான் முதல் பெஞ்சிலிருந்த ஸ்பேனர். மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்ப்பவனுக்கு வகுப்பு வைத்த பெயர்.

"தெரியும்," என்றார் வாத்தியார். தெரியாது.

அது வெள்ளைப் பலகை இல்லை என்பதும் அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்த டச் ஸ்கிரீன் சுவரில் வெள்ளைவெளேரென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் போய் 'ஏழெட்டு ஐம்பத்து நாலு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, "சார், தப்பு" என்று வகுப்பே குதூகலமாகக் கூவியதும் அழிக்கப் போய்த்தான் இந்தக் கண்றாவி.

ஷெட்டுக்காக வாங்கி வைத்திருந்த, பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஸ்பேனர் பெருந்தன்மையாக நீட்டினான். எழுத்து லேசாக வெளுத்தது. சுற்றிலும் ஸ்கிரீன், கண்புரை விழுந்த மாதிரி மங்கிப்போனது.

பாதியில் படிப்பை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளை மறுபடி பரீட்சை எழுத வைக்கும் இலவச மையம் அது. வாத்தியார் சேர்ந்த பிறகு ஒரு ஜெராக்ஸ் மிஷினும் ஒரு ஜன்னலும் ஏற்கெனவே காலி. "இனிமே ஒரு சேதாரம் நடந்தாலும் நீங்க கிளம்ப வேண்டியதுதான் சார்," என்று நிர்வாகி மேடம் சொல்லியாகிவிட்டது.

கிளம்பினால் மச்சானின் டைல்ஸ் கடைதான் கதி. மச்சான் அவருக்கென்று ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார். டைல்ஸ் உடையும் சரக்கு என்பதைக் குடும்பத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

"யார் பண்ணின வேலை இது?"

வாசலில் மேடம்.

வாத்தியார் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நான்தான் மேடம்."

கவுன்சிலர். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். எப்பேர்ப்பட்ட ஆளையும் பேச்சிலேயே மடித்து அடுக்கிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர்.

"இது சார் எழுத்து மாதிரி இருக்கே?"

"சார் மாதிரியே எழுதிக் காட்டினேன் மேடம். பாருங்க, தப்புகூட அப்படியே இருக்கு."

வகுப்பு மொத்தத்துக்கும் திடீரென்று இருமல் வந்தது.

வாத்தியார் கோழைதான், ஆனால் ஒரு பிள்ளையின் தலையில் பழியைக் கட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து தப்பிக்கிற அளவுக்குக் கோழை இல்லை. "இல்ல மேடம். நான்தான் எழுதினேன்."

மேடம் அவரையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? உன்னைக் காப்பாத்தறதுக்காக அவர் பழியை ஏத்துக்கறார். இந்த மனசு யாருக்கு சார் வரும்?"

"மேடம், நிஜமாவே நான்தான்..."

"போதும் சார், விடுங்க. முன்னாடி இருந்தவர் கோல்டு மெடலிஸ்ட். அவர் கிளாஸ்ல குறட்டைச் சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்கும். உங்க கிளாஸ்ல ஒருத்தர்கூட கண் மூடறதில்ல. ஏன்னு இப்பத்தான் புரியுது."

கவுன்சிலர் ஒரு வாரம் வராந்தா கூட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனார்.

வகுப்பு முடிந்ததும் வாத்தியார் இன்னொரு துடைப்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கவுன்சிலர் அதற்குள் பாதி தூரம் கூட்டியிருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எனக்குக் கூட்டறது பிடிக்கும் சார்."

"பொய் சொல்லாத. என் மேல அவ்வளவு மரியாதையா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"அப்ப, பாசமா?"

"கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்."

தூக்கினார். இதை இன்று மனைவியிடம் எந்தக் குரலில் சொல்லலாம் என்பதுவரை மனதில் ஓடிவிட்டது. மச்சானும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு முன், அந்த வார்த்தையை அவள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும்.

"நேராச் சொல்லும்மா. நான் போனா என்ன இப்போ? என்னைவிட நல்ல வாத்தியார் யாராவது வரப் போறார்," என்றார், அடக்கம் சொட்டச் சொட்ட.

கவுன்சிலர் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"அதான் சார் பயமா இருக்கு. கடைல நாள் பூரா எல்லாரும் எங்க தப்பைத்தான் கண்டுபிடிக்கறாங்க. இங்க வந்து உங்க தப்பைப் பிடிக்கலாமேன்னுதான் வீட்ல உக்காந்து அத்தனை கணக்கையும் போட்டுப் பாத்துட்டு வர்றோம்."

வாத்தியார் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

"நல்ல வாத்தியார் வந்துட்டா, அப்புறம் நாங்க எதுக்கு சார் படிக்கணும்?"