விலகல் கடிதம்

"பெத்த பிள்ளை வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேம்மா!"

மகன் சட்டப் புத்தகத்தைச் சோபாவில் விட்டெறிந்தான். வியாழக்கிழமை தொடங்கிய கத்தல், சனிக்கிழமை காலை ஆகியும் ஓயவில்லை.

விஷயம் இதுதான். பேர் பெற்ற பெண் வக்கீல் ஒருவர், தன் ஆபீசில் இரண்டு மாதப் பயிற்சிக்கு ஒரே ஒரு மாணவரை எடுக்கிறார். அங்கே பயிற்சி முடித்தவர்களை மற்ற ஆபீஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு கொத்திக்கொண்டு போகும். விண்ணப்பித்தவர்கள் நூற்றுப் பதினாறு பேர். அதில் கடைசி வருஷம் படிக்கிற மகனும் ஒருவன். மாலை நேரச் சட்டக் கல்லூரியில் படிக்கிற, நாற்பத்தெட்டு வயது அம்மாவும் ஒருத்தி.

இடம் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது.

"உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்? பொழுது போகலைன்னா டிவி பாரேன்!"

"பரீட்சை வெச்சுத்தானேடா எடுத்தாங்க? பேரைக்கூட எழுத விடலை. வெறும் நம்பர்தான்."

"நான் பதினோரு பக்கம் எழுதினேன். நீ எவ்வளவு எழுதினே?"

"ஒன்றரைப் பக்கம்."

அது உண்மைதான். வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு ஒன்றைக் கொடுத்து, அவர் பக்கத்து வாதத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். மகன் நீதி, நியாயம், மனித உரிமை என்று வெளுத்து வாங்கியிருந்தான். பத்திரப் பதிவு ஆபீசில் இருபது வருஷம் டைப் அடித்தவள் அம்மா. அவள் கண் நேரே நோட்டீஸ் தேதிக்குப் போனது. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய கெடுவில் மூன்று நாள் குறைந்தது. வழக்கே நிற்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க, அம்மாகிட்டயே தோத்துட்டியாடான்னு. லிஸ்ட்ல ரெண்டாவது நான்தான். நீ விலகினா இடம் எனக்கு. இன்னிக்கு பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லணும். சொல்லுவியா, மாட்டியா?"

"நீ சின்னப் பையன்டா. உனக்கு இன்னும் நாலு இடம் கிடைக்கும்."

"எனக்கு இந்த இடம்தான் வேணும். உனக்கு எதுவும் கிடைக்கலைன்னாலும் வீடு இருக்கே!"

அவளுக்குச் சுருக்கென்றது. இதற்கு முன் ஏழு ஆபீஸ் படியேறி இறங்கியவள் அவள். 'இந்த வயசுல ஃபைலைத் தூக்கிட்டு ஓட முடியுமா?' என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான். இதையும் விட்டால் கறுப்புக் கோட்டை அலமாரியில் மாட்டி வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். விட்டுத்தர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"டேய், குரலை உயர்த்தாதே. அம்மாவை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா, நான் இதில தலையிடவே மாட்டேன். படிக்கணும்னு சொன்னே, படின்னேன். இப்பவும் உன் இஷ்டம். பையனோட வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் கொஞ்சம் யோசி."

தங்கமான மனுஷன் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். இருபத்து நாலு வருஷமாக அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கத்துகிறவனிடம் பதிலுக்குக் கத்திவிடலாம். இப்படித் தணிவாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? மூன்று நாள் கத்தலுக்கு மசியாத மனசு, அந்த நாலு வார்த்தையில் கரைந்துபோனது.

பதினொன்றே காலுக்குச் சமையலறையில் நின்று போனை எடுத்தாள்.

"வக்கீல் ஆபீசா? பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கேன், நம்பர் முப்பத்தொண்ணு. நான் விலகிக்கலாம்னு..."

"அதான் நேத்தே உங்க விலகல் கடிதம் வந்துடுச்சே மேடம்?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்த உதவியாளர்.

"என்ன கடிதம்?"

"குடும்பச் சூழ்நிலையால விலகறேன்னு, கீழே உங்க கையெழுத்தோட. ஆனா விண்ணப்பத்துல இருக்கிற கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகலை. அதனால எங்க சீனியர் அதை நிறுத்தி வெச்சுட்டாங்க. அந்த அம்மா வாயால சொல்லாம இடத்தை வேற யாருக்கும் கொடுக்காதேன்னுட்டாங்க. இது உங்க கையெழுத்துதானா மேடம்?"

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. போனைக் காதில் வைத்தபடியே ஹாலுக்குப் பாய்ந்தாள்.

"ஏன்டா, என் பேர்ல நீயே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தியா? இதுக்காடா உன்னைச் சட்டம் படிக்க வெச்சேன்?"

மகன் திருதிருவென்று விழித்தான். "நானா? எனக்குக் கோபம் வந்தா கத்துவேன்மா. உன் மூஞ்சிக்கு நேராத்தானே கத்தினேன்? இந்தத் திருட்டு வேலை எல்லாம் எனக்கு வராது!"

போனில் உதவியாளர் பதறினாள். "மேடம், பையன் யாரும் இங்க வரலை. உங்க வீட்டுக்காரர்தான் கொண்டு வந்து கொடுத்தார். ரொம்பத் தன்மையாப் பேசினாரே!"

கணவர் மெல்லப் பேப்பரை எடுத்து விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அவள் அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்:

"திங்கட்கிழமை காலைல நான் பயிற்சிக்கு வந்துடறேன்மா. அந்தக் கடிதத்தை மட்டும் கிழிச்சுடாதீங்க. என்னோட முதல் கேஸ் அதுதான்."